பச்சோலியைக் கடைசி மணத்திலிருந்து பழகுங்கள்

வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் ஆசையாகத் தந்த சென்ற்றை ஒருக்கால் அடித்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்து அலுமாரிக்குள் ஒளித்து வைத்தவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். அந்தப் போத்தலின் மணம் ஈரமண்ணும் அந்துருண்டையும் கலந்த மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் பச்சோலி, ஒரு செடியின் காய்ந்த இலையிலிருந்து வடிக்கிற எண்ணெய். ஆருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாரிகாலம் பொறுங்கள். நான் பழகின முறையைச் சொல்கிறேன்.

எனக்கு விசுவமடுவில் ஒரு தையல் கடை. சாறிச் சட்டை, உள்பாவாடை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை எல்லாம் தைப்பேன். 2018 ஆடியில் கோயில் திருவிழாவுக்குப் பரிசிலிருந்து வந்த மச்சாள் எனக்கு 50 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று தந்தார். "விலை கூடின சாமான் மச்சாள், வைச்சு வைச்சுப் பாவியுங்கோ" என்று சொல்லித்தான் தந்தார். அவர் போனபிறகு மணிக்கட்டில் அடித்தேன். அரை நிமிடம்கூட இருக்காது, எழும்பிப் போய்க் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மணம் போகவில்லை. மூன்று தரம் கழுவியும் போகவில்லை.

அந்த மணத்தை எனக்கு ஏற்கெனவே தெரியும். 2009 இல் சாறிகளை வெட்டி மண்மூட்டை தைத்தவர்களில் நானும் ஒருத்தி. உரப்பைகள் முடிந்துபோக, ஆளாளுக்கு ரங்குப்பெட்டியைத் திறந்து கூறைச் சாறியைக்கூட எடுத்துத் தந்தார்கள். மெசின் இல்லை, கையூசிதான். அந்துருண்டை மணக்கிற பட்டுக்குள் ஈரமண்ணை அள்ளிப் போட்டு, வாயைத் தைத்து, பங்கரைச் சுற்றி அடுக்கினோம். இரவு முழுக்க அதற்குள் குந்தியிருந்தால் மூக்குக்குக் கிடைப்பது அந்த இரண்டு மணமும்தான். பரிசிலிருந்து வந்த போத்தலுக்குள்ளும் அதுவே இருந்தது. மெசின் லாச்சிக்குள் அடியில் தள்ளிவிட்டேன்.

புரட்டாதியில் ஒருநாள் நூற்கட்டை எடுக்கப் போன இடத்தில் மூடி கழன்று, லாச்சிக்குள் கிடந்த லைனிங் துண்டு ஒன்று நனைந்துவிட்டது. எடுத்து விறாந்தைக் கொடியில் போட்டுவிட்டு மறந்துபோனேன். அடுத்த நாள் பின்னேரம் அம்மா கண்ணாடி துடைக்க அந்தத் துண்டை எடுத்தார். துடைக்கவில்லை. முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "பிள்ளை, உது கொப்பற்ர துவாய் மணமெல்லோ?" என்றார்.

வாங்கி மணந்து பார்த்தேன். உண்மைதான். அப்பா வலிகாமத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர். ஊரில் பழகின போயிலையை இங்கேயும் இரண்டு பரப்பில் வைப்பார். இலையை வெட்டி, வாட்டி, குடிலுக்குள் தூக்கிக் கட்டி, பொச்சுமட்டை போட்டுப் புகைப்பார். அந்த நாட்களில் அவருடைய தோளில் கிடக்கிற துவாயில் ஒரு காய்ந்த, இனிப்பான, மரம் மாதிரியான மணம் இருக்கும். அப்பா போய்ப் பல வருடம். அந்தத் துவாயும் எங்களிடம் இல்லை.

அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. பச்சோலிக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நாங்கள் எல்லாரும் முன்பக்கத்தால் போய் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறோம். பின்பக்கத்தால் போக வேண்டும். நாளைய மணத்தை முதலில் பழகி, பிறகு இன்று பின்னேரத்து மணம், பிறகு ஒரு மணித்தியாலத்து மணம், எல்லாவற்றுக்கும் கடைசியாக அடித்த உடனே வருகிற மணம்.

இதற்கு ஏன் இவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்பீர்கள். பச்சோலி எண்ணெயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பச்சுலோல் என்கிற பொருள். கனமானது, மிக ஆறுதலாக ஆவியாகும். சென்ற்றை அடித்தவுடன் முதலில் பறப்பது மதுசாரம், அதற்குப் பிறகு தேசிக்காய், தோடம்பழம் போன்ற மெல்லிய மணங்கள், அதற்குப் பிறகு பூ மணங்கள். பச்சோலியிலும் கற்பூரம் மாதிரிக் குத்துகிற பகுதி முதலில் போய்விடும். எல்லாம் போன இடத்தில் அடியில் தங்குவது அதன் மர மணமும் இனிப்பும். கடதாசியில் அடித்து வைத்தால் கிழமைக் கணக்கில் நிற்கும். ஆகவே பின்பக்கம்தான் அதன் பெரிய பக்கம். முன்பக்கம் வெறும் படலை.

செடி துளசி, கற்பூரவள்ளியின் குடும்பம். உலகத்துக்குத் தேவையான எண்ணெயில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து போகிறது. அங்கே அதன் பெயர் நிலம். நாங்கள் சொல்கிற நிலத்துக்கும் அதற்கும் ஒலி ஒன்றாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது மிகவும் பிடித்தது. பச்சோலி என்ற பெயரையோ ஆங்கில அகராதிகள் எங்கள் பக்கத்துச் சொல்லாகத்தான் காட்டுகின்றன. பச்சையும் இலையும் சேர்ந்தது என்பதே வழமையான விளக்கம். பறித்த பச்சையில் இலைக்கு மணம் மெலிது. வாடிக் காய்ந்து, அடுக்கில் கிடந்து கொஞ்சம் புளித்தபிறகுதான் மணம் ஏறும். பிறகு நீராவியில் வடிப்பார்கள். போயிலையோடு இருந்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. வெட்டின அன்று போயிலை வெறும் இலைதான்.

துணிக்காரியாக எனக்கு இன்னொரு விஷயமும் பிடிக்கும். 19 ஆம் நூற்றாண்டில் காஷ்மீர்ச் சால்வைகளை ஐரோப்பாவுக்கு அனுப்பும்போது பூச்சி அரிக்காமல் இருக்க மடிப்புக்குள் காய்ந்த பச்சோலி இலை வைத்து அனுப்பினார்கள். அங்கே வாங்கினவர்கள் அந்த மணம் இருந்தால்தான் உண்மைச் சால்வை என்று நம்பத் தொடங்கினார்கள். எங்கள் ரங்குப்பெட்டி அந்துருண்டையின் வேலைதான் அந்த இலைக்கும். அதனால்தான் முதல் மணத்திலேயே மனம் பெட்டிக்குள் போய் நிற்கிறது.

இனிச் செய்முறை.

வெள்ளைப் பருத்தி லைனிங் துணி கால் யார் போதும். கஞ்சி போகும்வரை வெறும் தண்ணியில் அவித்து அலசுங்கள். சவர்க்காரம் வேண்டாம், அதன் மணம் நூலுக்குள் இருந்துவிடும். நிழலில் காயவிட்டு மூன்று அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். பொலியெஸ்ரர் எடுக்காதீர்கள். குத்துகிற மணத்தை அது கனநேரம் பிடித்து வைத்திருக்கிறது. கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். திகதியைப் பென்சிலால் எழுதுங்கள், பேனை மைக்கு மணம் உண்டு. மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தல் ஒன்றும் வேண்டும். ஊறுகாய் போட்ட போத்தல் எத்தனை தரம் கழுவினாலும் சரிவராது.

ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஒரே ஒரு அமுக்கு. ஒரு அமுக்கில் வருவது ஏறக்குறைய 0.1 மில்லிலீற்றர், அந்தச் சதுரத்துக்கு அதுவே தாராளம். 50 மில்லிலீற்றர் போத்தலில் ஏறக்குறைய 500 அமுக்கு இருக்கிறது. பழகுவதற்கு நாற்பது ஐம்பது போனால் நட்டமில்லை. அடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்புங்கள். துண்டை நீங்கள் அடிக்கடி போகாத இடத்தில், காற்றோட்டமான நிழலில் தொங்கவிட்டு, அடுத்த நாள் அதே நேரம் எடுத்துப் போத்தலுக்குள் போட்டு மூடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்து மணந்து பாருங்கள். மூக்கைத் துணியோடு ஒட்ட வேண்டாம், நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். இரண்டு மூச்சு, பிறகு மூடிவிடுங்கள். மூன்றாவது மூச்சில் மூக்கு மரத்துப் போகும்.

மணந்தவுடனே ஒரு சொல் எழுதுங்கள். நான் அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரேயொரு கட்டுப்பாடு: 'மண்' என்று எழுதக்கூடாது. எந்த மண் என்று எழுத வேண்டும். கிணறு வெட்டும்போது பதினைந்து முழத்தில் வருகிற மண்ணுக்கு ஒரு மணம். மிளகாய்ப் பாத்தியில் தண்ணி பாய்ச்சின உடனே எழும்புகிறது வேறு. வயற் களி வேறு, தெருச் செம்மண் புழுதி வேறு. வன்னியில் வளர்ந்த ஆளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, எழுதத் தொடங்கினால் தானாக வரும். என் முதல் இரண்டு கிழமைக் கொப்பியில் கிடக்கிறவை: போயிலை, பழைய மரப்பெட்டி, கொக்கோ, வெட்டிவேர், சுருட்டுக்கடை, மழைக்கு முந்திய வைக்கோல். ஒன்றிலும் பங்கர் இல்லை.

அடுத்த நாள் மணத்துக்காக நீங்கள் காத்திருக்கத் தொடங்கினால், நேரத்தைப் பாதியாக்குங்கள். இரவு அடித்துக் காலையில் மணங்கள். அது பழகினபிறகு ஆறு மணித்தியாலம், பிறகு மூன்று. எத்தனை நாளுக்கு ஒரு படி என்று கணக்கு இல்லை. எனக்கு முதற்படிக்கு இரண்டு கிழமை, அடுத்ததற்கு ஐந்து நாள் ஆனது. மனம் பின்வாங்கினால் ஒரு படி பின்னுக்குப் போங்கள். அது தோல்வி இல்லை. தையலிலும் கோணல் வந்தால் பிரித்துத்தானே தைக்கிறோம்.

தொடங்குவதற்கு ஐப்பசிதான் நல்லது. கோடையில், அதுவும் தகரக் கூரைக்குக் கீழே, பச்சோலி மூக்கில் அறைகிற மாதிரி எழும்பும். மழைக் குளிரில் அடங்கித் துணியோடு இருக்கும்.

ஒரு மணித்தியாலப் படிதான் கடினம். நான் அங்கே ஒரு மாதத்துக்கு மேல் நின்றேன். மர மணம் வரத் தொடங்கியிருக்கும், ஆனால் அந்துருண்டையும் ஈரமும் இன்னும் போயிருக்காது. ஒவ்வொரு நாளும் போத்தலைத் திறக்க நெஞ்சு படபடக்கும். மூடிவிடுவேன். அப்போதுதான் 2018 மார்கழி வெள்ளம் வந்தது. இரணைமடுக் குளம் நிரம்பி, கிளிநொச்சி முல்லைத்தீவு இரண்டு மாவட்டத்திலும் சனம் பள்ளிக்கூடங்களில் போயிருந்த கிழமை. என் கடைக்குள்ளும் கணுக்காலளவு தண்ணி வந்து, வடிந்தபிறகு நிலம் முழுக்கச் சேறு. மெசின்களை மேசையில் ஏற்றி வைத்திருந்தபடியால் தப்பின. இரண்டு நாள் சேறு வழித்தேன். மூன்றாம் நாள் மேல்தட்டில் இருந்த போத்தலை எடுத்துத் திறந்தேன். கையெல்லாம் சேறு, மூக்குக்கு முன்னால் பச்சோலித் துண்டு. இரண்டும் ஒன்றல்ல. சேற்றில் அழுகின இலையும் இரும்பும் மீனும் இருந்தது. துண்டில் இருந்தது காய்ந்த ஒன்று. ஈரம் என்று நான் இவ்வளவு நாளும் நினைத்தது ஈரமே இல்லை. வாசலில் இருந்து அதைத் திரும்பத் திரும்ப மணந்தேன். சேற்று மணத்துக்கு நடுவில் அந்தத் துண்டுதான் சுத்தமாக இருந்தது.

உங்களுக்கு வெள்ளம் வரத் தேவையில்லை. அந்தப் படியில் மாட்டிக்கொண்டால், நீங்கள் வெறுக்கிற பொருளையே பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். அந்துருண்டை என்று தோன்றினால் ஒரு அந்துருண்டையை மணந்துவிட்டு, வெளியே போய் நாலு மூச்சு எடுத்துவிட்டு வந்து துண்டை மணங்கள். பூஞ்சணம் என்று தோன்றினால் மழையில் நனைந்த பழைய கொப்பியை எடுங்கள். வித்தியாசம் தெரிகிற அன்று பயம் பாதி போகும். இன்னொரு உதவி பன்னீர். கலியாணவீட்டுச் செம்பில் இருக்கிற அதே பன்னீர்தான். துண்டின் ஒரு மூலையில் ஒரு துளி விடுங்கள். ரோசாவும் பச்சோலியும் சென்ற் செய்கிறவர்களின் பழைய சோடி. குத்துகிற விளிம்பை ரோசா மெதுவாக்கும். நான்கைந்து நாளில் பன்னீரை விட்டுவிடலாம்.

இதற்குப் பிறகு உடுப்புக்கு வரலாம். எல்லாரும் முதலில் கழுத்தில் அடிக்கிறார்கள், மூக்குக்குக் கீழேயே வைத்தால் தப்ப இடமில்லை. உள்பாவாடையின் கீழ்க்கரையில் உட்பக்கமாக ஒரு அமுக்கு. நடக்கும்போது சாறிக் கொய்யகத்துக்குள்ளால் வந்து போகும். ஆண்கள் சாரத்தின் கீழ்க்கரையிலோ சேட்டின் உட்பக்கத்திலோ அடிக்கலாம். வெளுத்த நிறத்திலும் பட்டிலும் அடிக்கவே கூடாது, எண்ணெயின் நிறம் கறையாகப் பிடித்துவிடும். அடுத்ததாக முழங்கை மடிப்பின் உட்பக்கம், ஒரு பக்கம் மட்டும். தோலுக்கு ஒத்துவருகிறதா என்று ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடருங்கள். மற்றது, அத்தர் மாதிரித் தனி எண்ணெயாகக் கிடைத்தால் நேரே தோலில் பூசாதீர்கள். ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு ஒரு துளி போதும். தனி எண்ணெய் வருடம் போகப் போக மெதுவாகிறது, பழையது கிடைத்தால் நல்லதிர்ஷ்டம்.

சித்திரை வந்தால் அளவைப் பாதியாக்குங்கள், அல்லது துண்டில் அடித்துச் சட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் நெருக்கி ஏறுகிற பஸ்ஸில் போகிற அன்றும், செத்தவீட்டுக்கும், ஆஸ்பத்திரிக்கும் வேண்டாம். தலையில் மல்லிகைப்பூ வைக்கிற அன்றும் நான் அடிப்பதில்லை, இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். சந்தனத்தோடும் சாம்பிராணிப் புகையோடும் நன்றாகச் சேரும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டின வீட்டில் நேற்றைய பச்சோலித் துண்டை எடுத்துப் பாருங்கள். போத்தலை வெயில் படாமல், தண்ணிப் பானை வைக்கிற குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தம் "என்ன சென்ற் கொண்டுவர?" என்று கேட்டால் சொல்ல இரண்டு பெயர். இனிப்பில் தொடங்க விரும்பினால் 1992 இல் வந்த ஏஞ்சல். சீனிப்பாகு மாதிரி இனிப்புக்குள் பச்சோலியை வைத்துச் செய்தது. ஆறுதலான ஒன்று வேண்டுமென்றால் ஷனெலின் கொரொமாண்டல், 2007 இல் வந்தது. கொரொமாண்டல் என்பது எங்கள் சோழமண்டலம் வெள்ளைக்காரர் வாயில் திரிந்தது. இரண்டும் விலை கூடினவை, சின்னப் போத்தல் கேளுங்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தால் புதிது தேவையில்லை, இந்த முறை எந்தப் பச்சோலிக்கும் சரிவரும்.

எல்லாம் செய்தும் மூன்று மணித்தியாலத்துக்கு உள்ளே வரமுடியாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். இரவு உடுப்பில் அடித்து வைத்துக் காலையில் உடுத்துங்கள். என் சினேகிதி ஒருத்தி நாலு வருடமாக அப்படித்தான் பாவிக்கிறாள், சந்தோசமாக இருக்கிறாள்.

நான் கடைசிப் படிக்கு வந்தது 2019 பங்குனியில். விடியக்காலை, கரண்ட் இல்லை, கடை திறக்க நேரம் இருந்தது. மணிக்கட்டில் அடித்தேன், இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. முதல் மூச்சில் பங்கர் வந்தது. அம்மாவின் நீலக் கூறைச் சாறி, மாங்காய்க்கரை, அதன் வாயை நான் தைத்த பெரிய பெரிய தையல், எல்லாம் வந்தது. கிணற்றடிக்குப் போகவில்லை. மெசினில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். நூல் கோத்தேன், பொபின் மாற்றினேன். ஒரு சட்டைக்குக் கைவெட்டு வெட்டி முடிய, மணிக்கட்டில் போயிலைக் குடில் தொடங்கியிருந்தது. இப்போதும் அந்த முதல் மூச்சில் அந்தச் சாறி வரும். வரட்டும் என்று நிற்பேன், அப்பா பின்னால் வருவார் என்று தெரியும்.

போன கிழமை சட்டை அளவெடுக்க வந்த ஒரு பிள்ளை, "அன்ரி, என்ன மணம் இது, நல்லாயிருக்கு" என்று கேட்டது. லாச்சியைத் திறந்து போத்தலைக் காட்டினேன். மூடியைத் திறக்கக் கை நீட்டியது. விடவில்லை. ஒரு லைனிங் துண்டில் ஒரு அமுக்கு அடித்து, மடித்து, அதன் கொப்பித் தாளுக்குள் வைத்துக் கொடுத்தேன்.

"இப்ப மணக்காதை பிள்ளை. நாளைக்குப் பின்னேரம் திற."